காருக்கு வைத்தியம் பார்க்கலாம். கருவிக்கு எங்கே போவது?

கல்லிடைக்குறிச்சி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? அப்பளம்தானே! எனக்கும் அப்படித்தான். ஆனி மாதக் கடைசியில் ஒரு காலை, செங்கோட்டை ரெயிலில் போய் இறங்கி, அக்கிரகாரத் தெருவுக்குள் நுழைந்தேன். ஒரு வீட்டுத் திண்ணையில் அப்பளப் பெட்டியின் அட்டை ஒன்று வெயிலில் கிடந்தது. அருகே போய்ப் பார்த்தேன். அப்பளம் இல்லை! அட்டையில் எட்டு ஓட்டைகள். ஓட்டைக்கு ஒன்றாக எட்டு வால்வுகள் தலைகீழாகச் செருகியிருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலால் நம்பர்.

"மிதிச்சுடாதீங்கோ சார்! நம்பர் மாறிப் போச்சுன்னா என் பாடு திண்டாட்டம்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

குரலுக்கு உரியவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். வயது அறுபத்து மூன்று. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கையெல்லாம் கிரீஸ். அவரைப் பார்க்கத்தான் நான் போனேன். சொந்தக் காரின் இஞ்சினைச் சொந்தக் கையால் பிரித்துப் பூட்டுகிறவர் என்று ஒரு நண்பர் சொல்லியிருந்தார். அதைவிட முக்கியமாக, அதற்கு வேண்டிய விசேஷக் கருவிகளை அதிகச் செலவில்லாமல் சம்பாதித்து வைத்திருக்கிறார் என்றும் சொல்லியிருந்தார்.

கார் என்ன கார்? அம்பாசிடர். 1984-ம் வருஷத்து மார்க் 4. அப்பா வாங்கியது. உத்தரபாராத் தொழிற்சாலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றுபோயிற்று என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஆனாலும் நம் ஊர்களில் இன்னும் சில வீடுகளில் அது குடும்பத்து மனிதர் மாதிரி இருந்துகொண்டிருக்கிறது. 15 வருஷம் தாண்டிய காருக்கு 5 வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஆகிற செலவையும் அலைச்சலையும் பொருட்படுத்தாமல் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அம்மாவுக்கு எண்பத்தாறு வயசு. ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போகணும், அதுவும் இந்தக் காரிலேதான் போகணும் என்கிறாள். வாடகைக் கார் வேண்டாமாம். அப்பா இருந்தவரை வருஷா வருஷம் இதிலேதான் போவோம். போன வருஷம் போக முடியல்லே" என்றார் வாத்தியார்.

ஏன் போக முடியவில்லை? அங்கேதான் கதை ஆரம்பமாகிறது.

வெண்ணெய் மாதிரி ஆயில்

போன வருஷம் சித்திரையில் காரின் புகை வெள்ளையாக வர ஆரம்பித்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணீரில் குமிழி. ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் ஆயில் மோர் கடைந்தது போல வெளுத்திருந்தது. விஷயம் தெரிந்தவர்களுக்கு இந்த மூன்று அடையாளமும் போதும். இஞ்சின் உடம்புக்கும் அதன் தலைக்கும் நடுவே ஒரு தகடு இருக்கிறதே, ஹெட் கேஸ்கட், அது போய்விட்டது. ஆயிலும் தண்ணீரும் ஒன்று கலக்கின்றன.

ஒரு பட்டறையில் காட்டினார். நாற்பதாயிரம் ஆகும் என்றார்கள். அது அநியாயக் கூலி என்று நான் சொல்ல வரவில்லை. பழைய கார், எதைத் தொட்டாலும் இன்னொன்று உடையும், பட்டறைக்காரரும் தம் நேரத்துக்குக் கணக்குப் பார்க்க வேண்டாமா? ஆனால் வாத்தியாரின் பென்ஷனுக்கு அது பெரிய தொகை. கேஸ்கட்டின் விலையோ அதில் சிறு பங்குகூட இல்லை. "நாமே செய்து பார்ப்போமே" என்று இறங்கிவிட்டார்.

கழற்றினார், மாற்றினார், பூட்டினார். நட்டுகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு கை கொண்ட மட்டும் முறுக்கினார். கார் ஓடியது. இருநூறு கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது, மறுபடியும் வெள்ளைப் புகை! இந்தத் தடவை கேஸ்கட்டோடு போகவில்லை. சமமில்லாத இறுக்கத்தால் ஹெட்டே சற்று வளைந்துவிட்டது. அதை மெஷினில் சீவ வேண்டியதாயிற்று. ஆடி அமாவாசையும் வந்து போயிற்று. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததுதான் பெரிய கஷ்டமாக இருந்தது என்றார்.

தவறு கையில் இல்லை, கருவியில் இருந்தது. ஹெட் நட்டுகளை இத்தனை பலத்தில்தான் இறுக்க வேண்டும் என்று கார் கம்பெனி கணக்குக் கொடுத்திருக்கிறது. நடுவிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாகப் போக வேண்டும். ஒரே மூச்சில் இறுக்கக் கூடாது, மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். அந்தப் பலத்தை அளந்து காட்டும் கருவிக்கு டார்க் ரெஞ்சு என்று பெயர். 1918-ல் நியூயார்க் நகரத் தண்ணீர் இலாகாவில் இருந்த கான்ராட் பார் என்பவர், குழாய் போல்ட்டுகளை ஒரே சீராக இறுக்குவதற்காக இதை உருவாக்கினார் என்று சொல்வார்கள். நல்ல டார்க் ரெஞ்சின் விலை இன்று ஆயிரக்கணக்கில் போகிறது. அதை வாத்தியார் உபயோகிக்கப் போவதோ ஐந்து வருஷத்துக்கு ஒரு நாள்!

சொந்தமாகக் கார் ரிப்பேர் செய்ய நினைக்கிற எல்லோருக்கும் இதுதான் தடை. சாதாரண ஸ்பானர், திருப்புளி, குறடு எல்லாம் மலிவு. தினம் வேண்டியவை, எங்கும் கிடைக்கும். ஆனால் இஞ்சினின் உள்ளே போனதும் அது ஒவ்வொரு இடத்திலும் ஒரு தனிக் கருவி கேட்கும். வால்வு ஸ்பிரிங்கை அழுத்த ஒன்று. பிஸ்டன் ரிங்கை அமுக்கிப் பிடிக்க ஒன்று. புல்லியை இழுக்க ஒன்று. கிளட்ச் தட்டை நடுவில் நிறுத்த ஒன்று. எல்லாவற்றையும் புதிதாக வாங்கினால் பட்டறைக்காரர் கேட்ட நாற்பதாயிரமே தேவலை என்று ஆகிவிடும்.

பேப்பர்காரர் தராசு

வாத்தியார் கணக்கு வாத்தியார் அல்லவா? டார்க் ரெஞ்சுக்கு அவர் கண்டுபிடித்த மாற்று என்னைச் சிரிக்கவும் வைத்தது, யோசிக்கவும் வைத்தது. பழைய பேப்பர் வாங்குகிறவர் கையில் வைத்திருப்பாரே, கொக்கி போட்ட ஸ்பிரிங் தராசு, அதுதான் அவருடைய டார்க் ரெஞ்சு!

"இதிலே மந்திரம் ஒண்ணும் இல்லே சார். பலம் இன்டு தூரம். எட்டாம் கிளாஸ் பையன் போடுவான்" என்று சொல்லிவிட்டுத் தரையில் சாக்குக் கட்டியால் எழுதிக் காட்டினார்.

உதாரணமாக, புத்தகத்தில் 40 அடி-ராத்தல் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நம் கணக்கில் அது ஏறக்குறைய 5.5 மீட்டர்-கிலோ. நட்டின் நடுவிலிருந்து சரியாக 50 சென்டிமீட்டர் தூரத்தில் ஸ்பானர் பிடியில் தராசின் கொக்கியை மாட்டுங்கள். பிடிக்கு நேர் செங்குத்தாகத் தராசை இழுங்கள். முள் 11 கிலோவைத் தொட்டதும் நிறுத்துங்கள். 11-ஐ அரை மீட்டரால் பெருக்கினால் 5.5. வேலை முடிந்தது!

இதில் இரண்டு ஜாக்கிரதை உண்டு. கோணலாக இழுத்தால் கணக்குக் கெட்டுவிடும். இரண்டாவது, தராசே பொய் சொல்லலாம். அதனால் வாத்தியார் முதலில் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டுப் பார்க்கிறார். நட்டு மரையைப் பிரஷ் போட்டுத் துடைத்துவிட்டுத்தான் இறுக்குகிறார். துரு பிடித்த மரையில் பாதிப் பலம் உரசலிலேயே போய்விடும். முள் 11 காட்டும், ஆனால் நட்டு இறுகியிருக்காது. எத்தனை பலம் என்பது காருக்குக் கார் வேறு. அந்தந்தக் காரின் ரிப்பேர் புத்தகத்தைப் பார்க்காமல் எதையும் இறுக்காதீர்கள். "முதல் கருவி புத்தகம்தான் சார்" என்று வாத்தியார் காட்டிய புத்தகம், ஊறுகாய் ஜாடி மாதிரி எண்ணெய் ஏறிப் போயிருந்தது.

அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி

மத்தியானம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அம்பாசமுத்திரம் போனோம். தாமிரபரணியில் தண்ணீர் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு சின்ன லேத்துப் பட்டறை. வாத்தியாரின் கருவிகளில் பாதி பிறந்த இடம் அது.

வால்வு ஸ்பிரிங்கைக் கழற்றும் கருவி வேண்டும் என்று முதல் தடவை வாத்தியார் அங்கே போனபோது, லேத்துக்கார அண்ணாச்சி கேட்டாராம்: "அதுக்கு ஏன் சார் காசைக் கொண்டு கொட்டுதிய? தச்சாசாரி கிட்டே இருக்கிற ஜி-கிளாம்ப் ஒண்ணு வாங்கியாங்க. ஒரு துண்டு பைப்பும் கொண்டாங்க. நான் சொல்லுதேன்."

ஜி-கிளாம்ப் என்பது பலகைகளை ஒட்டும்போது இறுக்கிப் பிடிக்கும் கருவி. ஸ்பிரிங்கின் மேல் தொப்பிக்குச் சரியாக உட்காருகிற அளவில் கெட்டியான பைப்புத் துண்டு ஒன்றை எடுத்து, அதன் பக்கத்தில் விரல் நுழைகிற ஜன்னல் ஒன்று வெட்டிக் கொடுத்தார் அண்ணாச்சி. கழற்றி வைத்த ஹெட்டில் கிளாம்ப்பின் ஒரு முனை வால்வின் முகத்தில். மறுமுனை பைப்புத் துண்டின் மேல். திருகினால் ஸ்பிரிங் அமுங்கும். ஜன்னல் வழியாகச் சின்ன காந்தக் குச்சியை விட்டு இரண்டு லாக்குகளையும் எடுத்துவிடலாம். பைப்பு வெட்டின கூலி நூற்றைம்பது ரூபாய். கிளாம்ப் ஏற்கெனவே வீட்டில் இருந்தது.

புல்லி இழுக்கும் புல்லரும் அப்படியே. கனமான பட்டை இரும்பு ஒன்று, மூன்று ஓட்டை, ஓரத்து ஓட்டைகளில் இரண்டு போல்ட்டு, நடுவில் மரை வெட்டி ஒரு பெரிய போல்ட்டு. கிளட்ச் தட்டை நடுவில் நிறுத்துவதற்கு இன்னும் மலிவான யுக்தி. பழைய இரும்புக் கடையில் உடைந்த கியர் பெட்டியின் ஷாப்டு ஒன்று எடைக்குக் கிடைத்தது. அதையே அறுத்து வைத்துக்கொண்டார். அது கிடைக்காதவர்கள் உருண்டைக் கட்டை ஒன்றில் அளவு வரும்வரை டேப்பைச் சுற்றிக்கொள்ளலாம்.

அந்த லேத்துப் பட்டறையில் இன்னொரு வித்தையும் கேட்டேன். ஒரு காரில் வால்வு சீல் தேய்ந்து நீலப் புகை வருகிறது. ஹெட்டைக் கழற்றாமல் சீலை மட்டும் மாற்ற வேண்டும். ஆனால் லாக்கை எடுத்தால் வால்வு உள்ளே விழுந்துவிடுமே! என்ன செய்வது? பிளக்கு ஓட்டை வழியாகப் பருத்தி அல்லது நைலான் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட வேண்டும். கயிற்றின் மறுமுனை வெளியிலேயே இருக்க வேண்டும், மறந்துவிடக் கூடாது! பிறகு இஞ்சினைக் கையால் சுற்றினால் பிஸ்டன் மேலே வந்து கயிற்றை அழுத்தும். கயிறு வால்வை அடியிலிருந்து தாங்கிப் பிடித்துக்கொள்ளும். கம்ப்ரஸர் காற்றும் வேண்டாம், விசேஷக் கருவியும் வேண்டாம்!

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. பாளையங்கோட்டையில் படித்த காலத்தில், நண்பன் ஒருவனுடைய பழைய பியட் காரை நாங்கள் இருவரும் பிரித்தோம். பிஸ்டனைத் திரும்ப உள்ளே இறக்க ரிங் கம்ப்ரஸர் வேண்டும். இல்லை. இரண்டு திருப்புளியால் ரிங்கை அமுக்கிக்கொண்டு, மேலே மரக்கட்டையை வைத்து ஒரு தட்டுத் தட்டினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். ரிங் உடைந்துபோயிற்று. அதை நண்பன் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை! அடுத்த வாரம் சிலிண்டர் சுவரில் கோடு விழுந்த பிறகுதான் சொன்னேன். ஒரு டின் தகட்டை வளைத்து, ரப்பர் குழாயை இறுக்கும் கிளிப் இரண்டு போட்டிருந்தால் அந்த நஷ்டம் இல்லை. அந்தக் கிளிப் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். அன்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் யாரையும் கேட்கவில்லை.

பிளேடும் நாயுடுவும்

கருவி இல்லை என்று உட்கார்ந்துவிடாதவர்கள் நம் நாட்டில் எப்போதும் இருந்திருக்கிறார்கள். கோயமுத்தூர் ஜி. டி. நாயுடுவைப் பற்றிக் கேள்விப்படாதவர் உண்டா? 1893-ல் பிறந்தவர். இளம் வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றவில்லை. வண்டியைக் கடைசி ஆணி வரை பிரித்துத் திரும்பப் பூட்டினார். அவருடைய மோட்டார் படிப்பு அதுதான். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். பிறகு தொழிற்கல்வி, எலெக்ட்ரிக் மோட்டார், மிக மெல்லிய க்ஷவர பிளேடு என்று அவர் கை படாத துறை இல்லை. 1974-ல் காலமானார். அவர் பெயரில் கோயமுத்தூரில் கார் மியூசியம் இருக்கிறது.

க்ஷவர பிளேடு என்றதும் வாத்தியார் குறுக்கிட்டார். "பிளேடும் கருவிதான் சார்!" இரண்டு பக்கமும் கூர் உள்ள சாதாரண பிளேடின் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். நாலு பிளேடைச் சேர்த்து வைத்தால் 0.4 மில்லிமீட்டர். பழைய அம்பாசிடரின் டாப்பட் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு, அதாவது 0.38 மில்லிமீட்டர். அவசரத்துக்கு ஆகும். ஆனால் வாத்தியாரே சொல்கிறார்: "அவசரத்துக்குத்தான். பீலர் கேஜ் வாங்கறதுக்குக் கஞ்சத்தனம் பண்ணாதீங்கோ. அது ரொம்ப மலிவு. ஆயுசுக்கும் வரும்."

டாப்பட்டைப் பற்றிச் சொன்னேனா? அதற்கும் ஒரு சுலபக் கணக்கு வைத்திருக்கிறார்கள் பழைய மெக்கானிக்குகள். வரிசையாக எட்டு வால்வு உள்ள இந்த இஞ்சினில் கூட்டுத்தொகை ஒன்பது வர வேண்டும். எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய். ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது. அவ்வளவுதான்! வாத்தியார் இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வகுப்பறை தெரிந்தது.

திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் மோட்டார் தொழிலில் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல. டி. வி. சுந்தரம் அய்யங்கார் இந்த ஜில்லாவைச் சேர்ந்த திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்தவர்தான். 1911-ல் மதுரையில் கம்பெனி ஆரம்பித்தார். அந்தக் காலத்து ரோட்டில் மாட்டு லாடத்து ஆணி நிறையக் கிடக்கும், டயர் போய்விடும். பஸ்ஸுக்கு முன்னால் காந்தம் கட்டிய வண்டியை ஓடவிட்டு ஆணி பொறுக்கச் செய்தார் என்று சொல்வார்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது கரிப்புகையில் ஓடும் காஸ் பிளாண்டு செய்து பஸ்ஸில் மாட்டினார்கள்.

யாருக்கும் வேண்டாத ஸ்பானர்

செய்துகொள்ளக் கூடியதைச் செய்துகொள்ளலாம். மற்றதை வாங்கத்தானே வேண்டும்? எங்கே வாங்குவது?

சென்னையில் புதுப்பேட்டை இருக்கிறது. கார்களின் பழைய உறுப்புகள் மலைமலையாகக் குவிந்திருக்கும் இடம். கல்யாணத்துக்குச் சென்னை போகும்போதெல்லாம் வாத்தியார் அங்கே ஒரு நடை போய்விடுவார். மனைவிக்குச் சொல்லிவிட்டா என்று நான் கேட்கவில்லை. திருநெல்வேலியிலும் மதுரையிலும் பழைய இரும்புக் கடைகள் உண்டு. பட்டறை மூடுகிறவர்கள் கருவிப் பெட்டியோடு விற்றுவிடுவதும் உண்டு.

அம்பாசிடர்காரருக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம். அந்தக் காரின் இஞ்சின் இங்கிலாந்து வம்சம். நட்டுகள் அங்குல அளவு. இன்று ஓடுகிற கார்களோ மில்லிமீட்டர் அளவு. ஆகவே பழைய அங்குல ஸ்பானர்களும் சாக்கெட்டுகளும் யாருக்கும் வேண்டாதவையாகக் கிடக்கின்றன! நல்ல பழைய எஃகில் செய்த சாக்கெட்டுகளை வாத்தியார் எடைக்கு வாங்கியிருக்கிறார்.

"அங்குல ஸ்பானர் எதற்கு? மில்லிமீட்டர் ஸ்பானரே போதாதா?" என்று கேட்டேன். அவர் ஒரு பாடமே நடத்திவிட்டார். முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர், அதற்கு 19 போதும். அரை அங்குலம் 12.7, அதற்கு 13 போடலாம், ஆனால் லேசாக ஆடும். ஒன்பதுக்குப் பதினாறு அங்குலம் 14.29, இதற்கு 14 நுழையாது, 15 போட்டால் நட்டின் முனையை மழுக்கிவிடும். முனை மழுங்கிய நட்டைக் கழற்றுவதற்கு அப்புறம் உளியும் சுத்தியலும் வேண்டும். அந்தக் கூத்தையும் ஒரு நாள் அவர் அனுபவித்திருக்கிறார்.

பழைய கருவி வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது என்ன? ஸ்பானரின் வாய் விரிந்திருக்கிறதா என்று ஒரு புது நட்டைப் போட்டுப் பாருங்கள். எப்போதும் ஒரு புது நட்டைச் சட்டைப் பையில் கொண்டுபோங்கள். சாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ராச்செட் பிடியை இரண்டு பக்கமும் சுற்றுங்கள். பல் தாண்டினால் கீழே வைத்துவிடுங்கள். பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். முலாம் பூசின மட்டமான இரும்பு புதிது போல மின்னும். முதல் இறுக்கத்திலேயே வாய் பிளக்கும். கைக்கருவித் தொழிலுக்குப் பேர்போன பஞ்சாபின் ஜலந்தரிலிருந்து நல்ல சரக்கும் வருகிறது. ஆனால் பெரிய கம்பெனிப் பெயரைப் போலியாகப் பொறித்த சரக்கும் சந்தையில் புழங்குகிறது. நல்ல கம்பெனியின் பழசு, போலியின் புதுசைவிட எத்தனையோ மேல்.

சாக்கெட்டைப் பற்றி ஒரு சின்ன சரித்திரம். ஒரு காலத்தில் சாக்கெட்டும் பிடியும் ஒன்றாகவே வார்க்கப்பட்டிருந்தன. ஒவ்வோர் அளவுக்கும் தனித் தனிப் பிடி. 1920-ல் அமெரிக்காவில் ஜோசப் ஜான்சன் என்பவர் பிடி வேறு, சாக்கெட்டு வேறு என்று பிரித்தார். 5 பிடி, 10 சாக்கெட்டு. கூட்டிச் சேர்த்தால் 50 கருவி! ஸ்னாப்-ஆன் என்ற பெரிய கம்பெனி அப்படித்தான் பிறந்தது. குறைந்த செலவில் கருவி சேர்ப்பவர்கள் இந்தக் கணக்கை மறக்கக் கூடாது. பெட்டி நிறைய ஸ்பானர் வாங்குவதைவிட நல்ல ராச்செட் பிடி ஒன்றும், வேண்டிய அளவு சாக்கெட்டுகளும் வாங்குவது மேல்.

அண்டா மாதிரி ஒரு பெட்டி

அமெரிக்காவில் இன்னொரு வழக்கமும் உண்டு. கார் உறுப்பு விற்கிற பெரிய கடைகளில் விசேஷக் கருவிகளை இரவலாகவே கொடுக்கிறார்கள். விலையை முன்பணமாகக் கட்டிவிட்டு எடுத்துப் போகலாம். வேலை முடிந்து திருப்பிக் கொடுத்தால் முழுப் பணமும் வாபஸ்! உறுப்பு நம்மிடம் வாங்குவார் அல்லவா, அது போதும் என்பது கடைக்காரர் கணக்கு.

இதைச் சொன்னதும் உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தார்: "இது என்ன அதிசயம்? கல்யாணத்துக்கு அண்டா குண்டான் எல்லாம் எவன் ஆத்திலே சொந்தமா இருந்தது? தெருவுக்குப் பொதுவாத்தானே வெச்சிருந்தோம்!"

உண்மைதானே! நூறு பேருக்குச் சமைக்கும் அண்டா ஒரு வீட்டுக்கு வருஷத்தில் எத்தனை நாள் வேண்டும்? கம்ப்ரஷன் கேஜும் அப்படித்தான்.

வாத்தியார் அந்த அண்டா வழியைத்தான் பிடித்திருக்கிறார். கல்லிடைக்குறிச்சியில் இரண்டு பேர், அம்பாசமுத்திரத்தில் ஒருவர், விக்கிரமசிங்கபுரத்தில் ஓய்வு பெற்ற மில் தொழிலாளி ஒருவர். நால்வரிடமும் பழைய கார். நால்வருமாகப் பணம் போட்டு கம்ப்ரஷன் கேஜ், டயல் கேஜ், ஒரு நல்ல டார்க் ரெஞ்சு மூன்றும் வாங்கிவிட்டார்கள். ஆம், இப்போது டார்க் ரெஞ்சே வந்துவிட்டது! பேப்பர்காரர் தராசு ஓய்வு பெற்றாலும் ஆணியில் தொங்குகிறது. பெட்டியோடு ஒரு நாற்பது பக்க நோட்டு. எடுத்தவர் பெயர், தேதி, கையெழுத்து. திருப்பி வைக்கும்போது துடைத்து எண்ணெய் போட்டு வைக்க வேண்டும். டார்க் ரெஞ்சின் அளவைத் தளர்த்தி வைக்க வேண்டும். இறுக்கத்திலேயே விட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் சோர்ந்து அளவு தவறும். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில் சிவப்பு மையில், "சாக்கெட் ஒன்று குறைகிறது. யார்?" என்று எழுதியிருந்தது. கீழே பதில் இல்லை.

இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று நான் எழுதிவிட்டதாக யாரும் நினைக்கக் கூடாது. காரைத் தூக்கி நிறுத்துகிற ஸ்டாண்டில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஜாக்கி என்பது தூக்குவதற்குத்தான். அதை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கக் கூடாது. செங்கல்லை அடுக்கி நிறுத்துகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். செங்கல் சொல்லிவிட்டு உடைவதில்லை. முன் சக்கரத்துச் சுருள் ஸ்பிரிங்கை அமுக்குகிற கருவியையும் வீட்டில் செய்யாதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங் நழுவினால் ஆளைக் கொன்றுவிடும். அந்த வேலையைப் பட்டறையில் கொடுத்துவிட வேண்டியதுதான். சீவ வேண்டிய ஹெட்டையும் மெஷின் உள்ளவரிடமே கொடுத்தார் வாத்தியார். கண்ணாடி இல்லாமல் உளி, சுத்தியல் எடுப்பதில்லை. அம்பாசமுத்திரத்து அண்ணாச்சியின் இடது கண்ணின் ஓரத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. "பொடிதான் சார், இம்புட்டுக்காணு" என்று விரல் நுனியைக் காட்டினார்.

சாயங்காலம் ஹெட்டைப் பூட்ட ஆரம்பித்தார் வாத்தியார். வால்வுகளை மாவு போட்டுத் தேய்த்துச் சரிபார்த்தாகிவிட்டது. ஹெட்டைக் கவிழ்த்து வைத்து மண்ணெண்ணெய் ஊற்றிப் பத்து நிமிஷம் காத்திருந்தோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. டார்க் ரெஞ்சு கை மாறி அவரிடம் வந்திருந்தது. முதல் சுற்று, இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று. ஒவ்வொரு நட்டும் அளவு வந்ததும் 'டக்' என்று சொல்லும். திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா, அந்தச் சத்தத்தை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

அன்று இரவு நான் ஊர் திரும்பிவிட்டேன். ஆடி அமாவாசைக்கு மறுநாள் வாத்தியார் போன் செய்தார். விடியற்காலை நாலு மணிக்கே கிளம்பிக் கூட்டம் சேருவதற்கு முன் பாபநாசம் போய்ச் சேர்ந்தார்களாம். தர்ப்பணம் முடிந்தது. புகை இல்லை, ரேடியேட்டரில் குமிழி இல்லை.

"அம்மா என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"போகும்போது ஒண்ணும் சொல்லல்லே. திரும்பி வரச்சே சொன்னா: 'ஏண்டா, உங்கப்பா ஓட்டினா இந்த டக்டக்குச் சத்தம் வராதே' என்றாள். எனக்கே கேட்கல்லே சார், அவளுக்குக் கேட்டிருக்கு! ஆத்துக்கு வந்து பார்த்தேன். ஐந்தாம் நம்பர் டாப்பட் கொஞ்சம் தளர்ந்திருக்கு. புது கேஸ்கட் உட்கார்ந்த பிறகு ஹெட்டை ஒரு தடவை மறுபடி இறுக்கவும் வேணும். டார்க் ரெஞ்சு இப்போ விக்கிரமசிங்கபுரத்திலே இருக்கு. ஞாயித்துக்கிழமை போய் வாங்கிண்டு வரணும்" என்றார்.